காய் உள்ளே, கூடை வெளியே

தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து விடிவதற்கு முன்பு கோவைக்குக் கிளம்பும் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிடும். கால் வைக்கத்தான் இடம் இருக்காது. இருக்கைக்கு அடியிலும் நடைவழியிலும் சாக்குப் பைகள், தக்காளிப் பெட்டிகள், ஈரத்துணி சுற்றிய கீரைக்கட்டுகள். நடத்துநர் அவற்றுக்குச் சுமைக் கட்டணம் கேட்பதில்லை. உழவர் சந்தை அடையாள அட்டை வைத்திருப்பவரின் விளைபொருளை அரசு நகரப் பேருந்தில் இலவசமாக ஏற்றிச் செல்லலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டுக் கட்டணமும் கிடையாது. இருபது கட்டுக் கீரையும் ஐந்து கிலோ கத்திரிக்காயும் மட்டுமே வைத்திருக்கும் ஒரு பெண், கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்கு வந்து சேர்ந்துவிட முடிகிறது.

அந்த ஐந்து கிலோவில்தான் இந்தச் சந்தையின் பெருமை இருக்கிறது. மொத்த வியாபார மண்டிக்கு ஐந்து கிலோ கத்திரிக்காயைக் கொண்டுபோனால் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். அங்கே மூட்டைக் கணக்கு, பெட்டிக் கணக்கு, அதன்பின் தரகு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு. கிணற்றடியில் கால் ஏக்கர் கீரை போடுகிறவர், வரப்போரம் பத்து முருங்கை வைத்திருப்பவர், பாத்தியில் கொஞ்சம் வெண்டை நட்டவர் ஆகியோருக்கு மண்டியில் இடமில்லை. உழவர் சந்தையில் அவர்களுக்கு ஒரு திண்டும், ஓர் எடைத்தராசும், தலைக்கு மேல் ஒரு கூரையும் இருக்கின்றன. மூன்றுக்கும் வாடகை இல்லை.

வாசலில் அன்றைய விலைப்பலகை. எந்தக் காய்க்கு எவ்வளவு என்று அதில் எழுதியதற்கு மேல் விற்கக்கூடாது. இந்த விலையை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது வாங்கப்போகும் பலருக்குத் தெரியாது. சந்தையின் அலுவலர்கள் மொத்த மார்க்கெட் விலையையும் வெளியே கடைகளில் விற்கும் சில்லறை விலையையும் கேட்டு அறிந்து, விவசாயிகளோடு பேசி, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையை வைக்கிறார்கள். விவசாயிக்கு மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். வாங்குகிறவருக்குச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைய வேண்டும். இதுதான் அடிப்படைக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, மண்டியில் தக்காளி 20 ரூபாய், தெருக்கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பலகையில் 24 அல்லது 25 ரூபாய் இருக்கும். இடைத்தரகருக்குப் போகும் பணத்தை விற்பவரும் வாங்குபவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதைவிட எளிமையான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதியால் திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987-லேயே 'அப்னி மண்டி' வந்திருந்தது. ஆந்திரத்தில் 1999 தொடக்கத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. கடல்கடந்து போனால், நியூயார்க் நகரில் 1976-ல் வெறும் 12 விவசாயிகளோடு ஒரு காலி மனையில் தொடங்கிய 'கிரீன்மார்க்கெட்' இன்று அந்த நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. விளைவிக்கிறவரும் சமைக்கிறவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்ற தேவை எல்லா ஊருக்கும் பொதுவானது. தமிழ்நாட்டில் 2001-ல் ஆட்சி மாறியதும் திட்டத்தின் மீதான கவனிப்பு குறைந்தது. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றது. சந்தைகளின் எண்ணிக்கை 179 ஆனது. அண்மை ஆண்டுகளில் இன்னும் சில சேர்ந்திருக்கின்றன. கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், சுந்தராபுரம், வடவள்ளி. ஈரோட்டில் சம்பத் நகர். திருப்பூரில் வடக்கு, தெற்கு என்று கொங்கு நாட்டில் இந்தச் சந்தைகள் நன்றாகவே வேரூன்றியிருக்கின்றன.

அதற்குக் காரணம் இருக்கிறது. கோவை மில்லும் பவுண்டரியும் நிறைந்த தொழில் நகரம். ஆனால் அரை மணி நேரம் மேற்கே போனால் தோட்டங்கள் தொடங்கிவிடும். ஆலாந்துறை, நரசீபுரம், மாதம்பட்டி, தீத்திபாளையம் எல்லாம் மலையடிவாரத்துத் தோட்டங்கள். தெற்கே கிணத்துக்கடவில் தக்காளி. வடக்கே காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் கறிவேப்பிலை. காம்பு சிவந்த செங்காம்பு ரகத்தைக் கையில் கசக்கினாலே மணம் விரலில் ஒட்டிக்கொள்ளும். நீலகிரியிலிருந்து இறங்கும் கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையத்தைத் தொட்டுத்தான் சமவெளிக்கு வருகின்றன. இவ்வளவும் ஒரு நகரத்தைச் சுற்றி இருக்கும்போது, காய்கறி நேற்று மாலை பறித்ததாகவோ இன்று அதிகாலை அறுத்ததாகவோ இருப்பதில் வியப்பில்லை.

"ஏனுங்கம்மா, வெண்டைக்காய் இன்னிக்குப் பறிச்சதுங்களா?"

"நேத்துப் பொழுதோட பறிச்சது கண்ணு. ஒடிச்சுப் பாரு."

இப்படி ஒரு கேள்வியும் இப்படி ஒரு பதிலும் குளிரூட்டிய கடையில் கிடைக்காது. அங்கே பதில் சொல்ல ஆளே இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் செடி எப்போது பூத்தது, எத்தனை மழை பார்த்தது, என்ன மருந்து அடித்தது என்று தெரியும். கேட்டால் சொல்வார்கள். சின்ன வெங்காயம் வாங்கும்போது 'புதுசா, பட்டறைக் காயா' என்று கேட்பது கொங்கு வீடுகளில் பழகிய வழக்கம். விலை ஏறட்டும் என்று அறுவடை செய்த வெங்காயத்தைத் தென்னங்கீற்று வேய்ந்த பட்டறையில் காற்றோட்டமாகக் குவித்து இருப்பு வைப்பார்கள். பட்டறை வெங்காயம் நன்கு காய்ந்து, தோல் சலசலக்கும். வீட்டில் பல நாள் தாங்கும். புது வெங்காயம் ஈரம் மாறாமல் இருக்கும்; நான்கு நாள் சமையலுக்கு அதுவே ருசி. எதற்கு எது என்று விற்பவரே சொல்லித்தருவார்.

பேரும் இங்கே தனி. பூசணி வகையில் மஞ்சளாக இருப்பது கொங்கில் அரசாணிக்காய். மற்ற ஊர்க்காரர்கள் சௌசௌ என்பதை மேரக்காய் என்பார்கள். கொள்ளும் தட்டைப்பயறும் இந்த மண்ணின் சமையலில் அன்றாடப் பண்டங்கள். கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாத கொங்கு அடுப்படி குறைவு. பருவமும் சந்தையில்தான் முதலில் தெரியும். மார்கழி, தை மாதங்களில் பச்சைத் துவரையும் மொச்சையும் வந்து குவியும். பனங்கிழங்கு வரும். பொங்கலுக்கு முந்தின நாட்களில் மஞ்சள் கொத்தும் கரும்பும் மட்டுமல்லாமல், காப்புக் கட்டுவதற்கான பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைக் கட்டும் விற்பனைக்கு வந்துவிடும். அதை வாங்கி வாசற்கூரையிலும் தோட்டத்து மூலையிலும் செருகுவது கொங்கு நாட்டார் விடாத பழக்கம். சித்திரையில் நுங்கு.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். விவசாயி என்ற பெயரில் அட்டை வாங்கிக்கொண்டு, மண்டியில் வாங்கிய சரக்கை உள்ளே கொண்டுவந்து விற்கும் வியாபாரிகள் இருப்பதாகப் புகார் நெடுங்காலமாக உண்டு. அட்டை தருவதற்கு முன்பு நிலத்தையும் பயிரையும் சரிபார்க்கும் முறை அதற்காகத்தான் இருக்கிறது. அது ஒழுங்காக நடக்கும் சந்தையில் காய்கறி நன்றாக இருக்கிறது, தளர்ந்த சந்தையில் மண்டிச் சரக்குதான் மிஞ்சுகிறது. வாங்குகிறவர் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே திண்டில் கேரட், தக்காளி, முருங்கை, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் ஒரேமாதிரி குவிந்திருந்தால் சற்று யோசிக்கலாம். தன் தோட்டத்துக் காயைக் கொண்டுவந்தவரிடம் இரண்டு மூன்று வகைதான் இருக்கும். அதுவும் ஒரே அளவாக இருக்காது.

நேரமும் முக்கியம். உழவர் சந்தை விடியற்காலையில் களைகட்டி, காலை ஒன்பது மணிக்குள் நல்ல சரக்கு தீர்ந்துவிடும். பத்து மணிக்குப் போய் 'ஒன்றும் நன்றாக இல்லை' என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

காய்கறிக்கு இப்படி ஓரிடம் கிடைத்துவிட்டது. ஆனால் பெரும்பாலான உழவர் சந்தைகளில் வாசலுக்கு வெளியே, சாலை ஓரத்தில், வெயிலில் இன்னும் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மூங்கில் கூடை, முறம், தட்டு விற்கும் குடும்பம் ஒன்று. அகல் விளக்கும் தயிர்ச்சட்டியும் அடுக்கிய ஒருவர். கோரைப்பாய் சுருட்டிச் சாத்தி வைத்த இன்னொருவர். உள்ளே இருப்பவரைப் போலவே இவர்களும் தம் கையால் உண்டாக்கியதைத்தான் விற்கிறார்கள். அட்டை இல்லை, திண்டு இல்லை, பேருந்தில் சலுகை இல்லை.

பழைய வாரச்சந்தையில் இந்தப் பிரிவு கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு வியாழக்கிழமை புன்செய் புளியம்பட்டிக்கோ பொள்ளாச்சிக்கோ போக வேண்டும். தமிழ்நாட்டின் பெரிய வாரச்சந்தை என்று கேட்டால் பொள்ளாச்சியைச் சொல்வார்கள். அதற்கு அடுத்த இடம் புளியம்பட்டிக்கு என்பார்கள். கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய மொடச்சூர்ச் சந்தை சனிக்கிழமை; பயறு, பருப்பு வகைகளுக்குப் பேர்போனது. இன்ன ஊருக்கு இன்ன கிழமை என்ற கணக்கு கொங்குக் கிராமங்களில் இன்றும் மனப்பாடம். சந்தைக் கிழமையில்தான் சம்பளம் பட்டுவாடா செய்யும் தோட்டக்காரர்கள் உண்டு. கூலி வாங்கியவர்கள் அன்றைக்கே ஒரு வாரத்துச் சாமான் வாங்கிவிட வேண்டுமே!

வாரச்சந்தையின் ஒரு கோடியில் மாடுகள். ஈரோடு கருங்கல்பாளையத்தில் புதன் இரவே லாரிகள் வந்து நிற்கத் தொடங்கி, வியாழன் முழுக்க வியாபாரம் நடக்கும். வாங்குபவரும் விற்பவரும் தோளிலிருந்த துண்டைக் கைகளின் மேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் கொங்கு மாட்டுச் சந்தைகளில் இன்றும் இருக்கிறது. சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. பேரம் முறிந்தாலும் விற்பவருக்கு மதிப்புக் குறையாது. காங்கேயம் மாடு வாங்க வருகிறவர்கள் கொம்பையும் திமிலையும் நடையையும் பார்த்துவிட்டு, கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த மாடா என்று விசாரிப்பார்கள்.

மாடு வாங்கியவர் அடுத்து எங்கே போவார்? கயிற்றுக் கடைக்கு. மூக்கணாங்கயிறு, தாம்புக்கயிறு, கழுத்துக்கயிறு, சலங்கை, மணி, சாட்டை என்று எல்லாம் பத்தடி தூரத்தில். அதை அடுத்து கொல்லுப்பட்டறைக்காரர் அரிவாளும் களைக்கொத்தும் மண்வெட்டியும் பரப்பியிருப்பார். காம்பு போட்டுத் தருவதும் அங்கேயே. அதற்குப் பக்கத்தில் கோழிக்கூடை, சாணிக்கூடை, முறம். அப்புறம் பானை சட்டி. இந்த வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு என்னென்ன தேவையோ அவை எல்லாம் செய்தவர் கையிலிருந்து நேராக வரும். தானியத்தை அளந்து போட்ட படியும் வள்ளமும்கூட ஒரு கைவினைஞர் செய்தவைதான். நான்கு படி கொண்டது ஒரு வள்ளம். தானியத்தை வள்ளத்தால் அளந்த தலைமுறை கொங்கில் இன்னும் இருக்கிறது.

கைத்தொழிலும் வியாபாரமும் ஒன்றாக இருந்தது இந்தப் பகுதிக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்தன. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய இடம் அது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடுவதும் இந்த ஊரையே என்பது ஆய்வாளர் முடிவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் இது இருந்தது. அதே வழியில் உள்ள கோவை வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்தன. செய்த இடத்திலேயே விற்பனையும் நடந்திருக்கிறது.

இடைத்தரகரோடு மல்லுக்கட்டுவதும் கொங்குக்குப் புதிதில்லை. 1933-ல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் பருத்திக்காகத் திருப்பூரில் வந்தது. எடையில் ஏமாற்றாமல், ஏலத்தில் மறைக்காமல், பணத்தை இழுத்தடிக்காமல் விவசாயிக்குக் கொடுக்க ஓர் இடம் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். இன்று ஈரோடு மஞ்சள் ஏலம் ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறைக் கூடங்களிலும், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்களிலும் நடக்கிறது. விரலி, கிழங்கு என்று பிரித்து மாதிரியைப் பரப்பி வைப்பார்கள். வியாபாரி முறித்துப் பார்த்து, உள்நிறம் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை ஏலம். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்துதான் சர்க்கரை கொள்முதல் ஆகிறது.

நாட்டுச் சர்க்கரை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை நல்ல சரக்கு என்று நினைக்க வேண்டாம். நிறம் வெளுக்க ரசாயனம் சேர்ப்பதும், எடை கூட்ட வெள்ளைச் சர்க்கரை கலப்பதும் நடக்கின்றன. உணவுப் பாதுகாப்புத் துறை இதற்காகவே ஆலைகளில் சோதனை செய்கிறது. கரும்புச் சாறு காய்ச்சியதன் இயல்பான நிறம் பழுப்பு. சற்றுக் கறுத்திருந்தால் இன்னும் நல்லது.

ஆக, மஞ்சளுக்கும் பருத்திக்கும் சர்க்கரைக்கும் காய்கறிக்கும் ஏதோ ஒரு காவல் உண்டு. கையால் நெய்ததற்கும் முடைந்ததற்கும் வனைந்ததற்கும்?

பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொள்ளலாம். காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரின் பெயர் தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளுக்கெல்லாம் அந்த விரிப்பால்தான் அறிமுகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலேயர் கொண்டுவந்த மில் துணியின் போட்டியில் தங்கள் நெசவு நசிந்தபோது, ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் இந்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள் என்று சொல்வார்கள். குழித்தறியில் காலைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்து நெய்வது. அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவர் தள்ள மற்றவர் வாங்க வேண்டும். இருவர் கையும் ஒரே வேகத்தில் போகாவிட்டால் கரை கோணிவிடும். பெரும்பாலும் கணவனும் மனைவியும், அல்லது அண்ணனும் தம்பியும் ஜோடியாக உட்காருவார்கள். இருபது ஆண்டுகள் ஒரே ஜோடியாக நெய்தவர்களின் விரிப்பைக் கடையில் பார்த்தாலே தெரியும். கோடு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும்.

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்யக்கூடாது. புவிசார் குறியீடும் இருக்கிறது. இரண்டும் இருந்தும், வெளிமாநில விசைத்தறியில் ஓட்டிய மெல்லிய விரிப்புகள் 'பவானி ஜமக்காளம்' என்ற பெயரில் பாதி விலைக்குக் கடைகளில் தொங்குகின்றன. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. நெய்தவர் அந்தக் கடையில் இல்லை. சட்டம் ஏட்டில் இருந்து என்ன பயன்? கத்திரிக்காய்க்காரம்மா நேரில் உட்கார்ந்து "ஒடிச்சுப் பாரு" என்று சொல்வதைப்போல, "மடிச்சுப் பாருங்க, எடை போட்டுப் பாருங்க" என்று சொல்ல ஜமக்காள நெசவாளருக்கு ஓர் இடம் இல்லாததே இந்தத் தொழிலின் பெரிய நோய்.

நெகமம் பருத்திச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டும் பருத்தியும் சேர்ந்த கோவை கோரா சேலைக்கும் அது உண்டு. சென்னிமலைப் போர்வை கூட்டுறவுச் சங்கங்களால் நிமிர்ந்து நின்ற தொழில். சிறுமுகையில் பட்டு நெசவு. கோவையைச் சுற்றி ஐம்பது மைல் வட்டத்தில் இத்தனை தறிகள் இருக்க, அவற்றின் ஓசையைக் கேட்காமலே வளரும் பிள்ளைகள் நகரத்தில் ஏராளம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளோ திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வாரச் சம்பளம் நிச்சயம். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஈரோட்டில் கனி மார்க்கெட் என்று ஒரு பெரிய ஜவுளிச் சந்தை இருக்கிறது. திங்கள் மாலை தொடங்கி விடிய விடிய நடந்து செவ்வாயில் முடியும். கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள். ஆனால் அது வியாபாரிக்கு வியாபாரி விற்கும் இடம். விசைத்தறியும் மில் துணியும் ஆளும் இடம். தறியிலிருந்து எழுந்து வந்த ஒருவர் இரண்டு விரிப்போடு அங்கே போய் நின்றால், ஐந்து கிலோ கத்திரிக்காயோடு மண்டிக்குப் போனவரின் நிலைதான்.

மண்பாண்டத்தின் கதை இன்னொரு விதம். கோவை கவுண்டம்பாளையம் பக்கம் பல தலைமுறையாகப் பானை வனையும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வாங்க ஆள் இல்லாத குறையைவிட மண் இல்லாத குறை பெரிது. நொய்யல் குளங்களிலிருந்து களிமண் எடுக்க அனுமதிக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம் நீண்டது. ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் நடைமுறையை 2024-ல் அரசு கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய காரியம். பொங்கலுக்கு ஒரு பானை, கார்த்திகைக்குப் பத்து அகல் என்று வருஷத்தில் இரண்டு வாரம் மட்டும் நினைக்கப்படும் தொழில், மண் கிடைத்தால் தயிர்ச்சட்டியும் தண்ணீர்ப் பானையுமாக வருஷம் முழுக்க ஓடும்.

மூங்கில் கூடைக்கு எதிரி பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பருத்தியும் தையலும் கைவந்த கொங்கு நாட்டுக்கு மஞ்சப்பை வேற்றுப் பொருள் இல்லை. ஜவுளிக்கடையில் கல்யாணத்துணி எடுத்தவர்கள் கொண்டுவந்த மஞ்சப்பைகள் பழைய வீடுகளின் ஆணியில் இன்னும் தொங்கும். தடை இருந்தும் சந்தையில் மெல்லிய பிளாஸ்டிக் பை கேட்கிறவர்கள் குறையவில்லை. விற்கிறவர் தராவிட்டால் அடுத்த திண்டுக்குப் போகிறார்கள். வாங்குகிறவர் பையோடு வந்தால்தான் இது மாறும்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. இடமும் தயாராகவே இருக்கிறது. மதியத்துக்கு மேல் உழவர் சந்தைக்குள் போய்ப் பாருங்கள். கழுவிவிட்ட திண்டுகளும் கூரையும் மின்விளக்கும் தண்ணீர்க் குழாயும் அப்படியே இருக்கும். மனிதர் இருக்க மாட்டார்கள். நகரத்தின் நல்ல இடத்தில், பேருந்து நிற்கும் சாலையில் இருக்கும் அந்த வளாகம் நாளின் பாதி நேரம் சும்மா கிடக்கிறது. 2022-ல் அரசு ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது: மாவட்டத்துக்கு ஓர் உழவர் சந்தையில் மாலை நேரத்தில் சிறுதானியம், பயறு, நாட்டுச் சர்க்கரை, எண்ணெய் போன்றவற்றை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விற்கலாம் என்றது. அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தால் போதும். வாரத்தில் இரண்டு மாலை, பவானி, சென்னிமலை, நெகமம் நெசவாளர்களுக்கும், பானை வனைபவர்களுக்கும், மூங்கிலும் கோரையும் முடைபவர்களுக்கும் அதே திண்டு கிடைக்க வேண்டும். விவசாயிக்கு நிலத்தைப் பார்த்து அட்டை தருவதுபோல இவர்களுக்குத் தறியையும் சூளையையும் பார்த்து அட்டை தரலாம். அட்டை இருந்தால் பேருந்தில் சுமை இலவசம். புதிய கட்டடம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905-ல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் என்பதால் 2015 முதல் அதைக் கொண்டாடுகிறார்கள். அன்று கண்காட்சி நடக்கும், அமைச்சர்கள் வருவார்கள், கோ-ஆப்டெக்ஸில் கூட்டம் இருக்கும். நெசவாளிக்கு வேண்டியது வருஷத்தில் ஒரு நாள் விழாவைக் காட்டிலும் வாரத்தில் இரண்டு நாள் கடை.

அதுவரை வாங்குகிறவர் செய்யக்கூடியது சிறியது, ஆனால் நிச்சயமானது. காலை ஏழு மணிக்குள் உழவர் சந்தைக்குப் போங்கள். துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காயை விளைவித்தவரா என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் அவர்கள் கோபிப்பதில்லை, மகிழ்வார்கள். வாசலுக்கு வெளியே முறம் விற்கிறவரிடம் பிளாஸ்டிக் முறத்தின் விலையைச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ வருகிறதென்றால், விரிப்பைப் பெருங்கடையில் தேடுவதற்கு முன்பு பவானியில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் கேளுங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலை கூடத்தான் இருக்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்த கூலி அதில் இருக்கிறது.